டிகிரி காபியின் வேரைத் தேடி... நீலப்பூ பூக்கும் சிக்கரி பூமி!

அக்டோபர் மாதம். காலை எட்டு மணியாகியும் பொழுது சரியாக விடியவில்லை. பெல்ஜியத்தின் வாரெம் என்ற சின்ன ஊரின் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால், பனிமூட்டத்துக்குள் முதலில் காதில் விழுவது டிராக்டர் சத்தம்தான். சாலை முழுக்க ஈரச் சேறு. வழுக்கும் என்று ஓரத்தில் எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். மலை மாதிரி எதையோ குவித்துக்கொண்டு ஒரு டிரெய்லர் கடந்து போகிறது. பார்த்தால் முள்ளங்கி போல இருக்கிறது. ஆனால் முள்ளங்கி இல்லை. அதுதான் சிக்கரி!

நம் வீட்டு ஃபில்டர் காபிக்கு நிறமும் கெட்டித்தன்மையும் தருகிற அதே சிக்கரியின் வேர். 'காபித்தூளில் எவ்வளவு சிக்கரி கலக்கட்டும்?' என்று கடைக்காரர் கேட்கும்போது மட்டும் நினைவுக்கு வரும் இந்த வேருக்கு, இந்த ஊரில் கிடைக்கும் மரியாதையே வேறு. இங்கே பெரும்பாலான சிக்கரி காபிக்குப் போவதில்லை. குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்களுக்கு உணவாகப் போகிறது!

வண்டல் தந்த வரம்

பிரஸ்ஸல்ஸ் நகரத்திலிருந்து கிழக்கே லியேஜ் நகரத்துக்குப் போகும் ரயில் பாதையில், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறது எஸ்பே என்ற சமவெளி. ஃபிளெமிஷ் மொழி பேசுபவர்கள் இதையே 'ஹாஸ்பெங்கோவ்' என்கிறார்கள். பெல்ஜியத்தின் மொழி எல்லை இந்த வயல்களுக்கு நடுவேதான் ஓடுகிறது. ஒரு ஊரில் பிரெஞ்சு, பக்கத்து ஊரில் டச்சு. பயிர் மட்டும் ஒன்றுதான்.

பனியுகக் காலத்தில் காற்று அள்ளி வந்து படியவைத்த நுண்ணிய மண் இது. கல் கிடையாது. வேர் நேராகக் கீழே இறங்கத் தடையே இல்லை. கோதுமை, உருளைக்கிழங்கு, சர்க்கரை எடுக்கும் பீட், சிக்கரி என்று மாற்றி மாற்றிப் பயிரிடுகிறார்கள். நடுவில் முற்றம் விட்டு நான்கு புறமும் கட்டடம் எழுப்பிய செங்கல் பண்ணை வீடுகள், நம் ஊர் தொட்டிக்கட்டு வீடுகளை ஞாபகப்படுத்துகின்றன. வயல்களுக்கு நடுவே ஆங்காங்கே புல் மூடிய மேடுகள். ரோமானியர்கள் காலத்துக் கல்லறைகள் அவை. அவர்கள் போட்ட நெடுஞ்சாலையும் இந்த வழியாகத்தான் போயிருக்கிறது.

சிக்கரி இங்கே யாரும் கொண்டுவந்து சேர்த்த செடி அல்ல. ஜூலை, ஆகஸ்டில் வந்தால் சாலையோரமெல்லாம் காட்டுச் சிக்கரி வான நீலத்தில் பூத்துக்கிடக்கும். காலையில் விரியும் பூ, வெயில் ஏற ஏறச் சுருங்கிவிடும். பயிரிடும் சிக்கரியோ பூக்கவே கூடாது. வசந்தத்தில், ஏப்ரல் வாக்கில் விதைப்பார்கள். முதல் வருடம் முழுக்க இலையும் வேரும்தான் வளரும். அடுத்த வருடம் பூப்பதற்காக, செடி தன் சேமிப்பையெல்லாம் வேரில் இறக்கி வைக்கும். அந்தச் சேமிப்பைத்தான் செப்டம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை மனிதன் தோண்டி எடுத்துக்கொள்கிறான்.

கடுகு போல அவ்வளவு சின்ன விதை. முளைக்கும்போது களை முந்திக்கொண்டால் பயிர் எழுந்திருக்காது. சில களைக்கொல்லிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் அண்மையில் அனுமதியை நீட்டிக்காமல் விட்டதால், இயந்திரக் களையெடுப்பையும் கைக்களையையும் நம்பியிருக்க வேண்டிய நிலை. மண்ணுக்கு அது நல்லது. விவசாயிக்குக் கூலி கட்டுமா என்பதுதான் இந்தப் பக்கத்துக் கவலை. இந்தக் கவலைக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

நெப்போலியன் போட்ட பூட்டு

1806-ல் நெப்போலியன், பிரிட்டனின் வணிகத்தை முடக்க ஐரோப்பாத் துறைமுகங்களை அடைத்தார். கடல் வழியாக வந்துகொண்டிருந்த காபியும் கரும்புச் சர்க்கரையும் அரிதாகிப் போயின. நாக்கு சும்மா இருக்குமா? சர்க்கரைக்குப் பீட் கிழங்கும், காபிக்குச் சிக்கரியும் கைகொடுத்தன. சிக்கரி வேரை வறுத்துக் குடிக்கும் பழக்கம் அதற்கு முன்பே இருந்ததுதான். ஆனால், வீட்டுக்கு வீடு அது பரவியது அந்தத் தட்டுப்பாட்டுக் காலத்தில். பூட்டு திறந்து காபி திரும்பி வந்த பிறகும் சிக்கரி போகவில்லை. காபியோடு சேர்ந்தே இருந்துவிட்டது.

அந்தக் கதையைப் பார்க்க வேண்டுமானால், எல்லை தாண்டி வட பிரான்ஸுக்குப் போக வேண்டும். லீல் நகரத்திலிருந்து ரயிலில் சுமார் அரை மணி நேரத்தில் ஓர்ஷி என்ற சிற்றூர். முதல் உலகப்போரில், 1914 செப்டம்பரில் ஜெர்மன் படை தீ வைத்து எரித்த ஊர் இது. பிறகு செங்கல் செங்கல்லாக எழுந்து நின்றது. 1858-ல் இங்கே தொடங்கிய லெரூ நிறுவனம் இன்றும் சிக்கரி வறுத்துக்கொண்டிருக்கிறது. ஊரில் சிக்கரிக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு. பழைய தகர டப்பாக்கள், விளம்பரப் பலகைகள், வறுக்கும் உருளைகள் எல்லாம் பார்க்கலாம்.

அந்தக் காலத்தில் வேரைத் துண்டு துண்டாக வெட்டி, அடியில் நெருப்பு மூட்டிய உலர்த்தும் கொட்டகைகளில் பரப்பி இரவு பகலாகக் காய வைப்பார்கள். மேற்கு ஃபிளாண்டர்ஸ் பகுதியில் இந்தக் கொட்டகைக்கு 'ஆஸ்ட்' என்று பெயர். சில கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன. ஃபிளெமிஷ் எழுத்தாளர் ஸ்டெயின் ஸ்ட்ரூவெல்ஸ் 1926-ல் வெளியிட்ட புகழ்பெற்ற குறுநாவலின் களமே இப்படி ஒரு சிக்கரிக் கொட்டகைதான். நெருப்புக்குக் காவலாகக் கண் விழித்துக் கிடந்த கூலித் தொழிலாளிகளின் ஓர் இரவு அது. ஒரு டம்ளர் காபியின் நிறத்துக்குப் பின்னால் எத்தனை பேரின் தூக்கம் இருந்திருக்கிறது!

தண்ணீரில் கரையும் பொக்கிஷம்

மறுபடி எஸ்பே சமவெளி. ழேர் ஆற்றங்கரையில் ஒரே என்றொரு சிற்றூர். பெரிய சுற்றுலாத்தலம் ஒன்றும் இல்லை. ஒரு தேவாலயம், சில தெருக்கள், தூரத்திலிருந்தே புகைவிடும் ஒரு ஆலை. முன்பு பீட் சர்க்கரை எடுத்த ஆலை இது. இன்று சிக்கரியிலிருந்து 'இனுலின்' எடுக்கிறது. அறுவடைக் காலத்தில் லாரிகள் வரிசையாக வந்து வேரைக் கொட்டிவிட்டுப் போகின்றன. ஈர மண்ணும் வெந்த கிழங்கும் கலந்த ஒரு வாசனை ஊரையே சூழ்ந்திருக்கும்.

இனுலின் என்றதும் சர்க்கரை நோய்க்கு ஊசி போடும் இன்சுலின் என்று நினைத்துவிட வேண்டாம். பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஆனால் இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. இன்சுலின் ஒரு ஹார்மோன். இனுலின் ஒரு நார்ச்சத்து. 1804-ல் வாலண்டின் ரோஸ் என்ற ஜெர்மானிய மருந்தாளர், 'இனுலா' என்ற செடியின் வேரைக் கொதிக்கவைத்தபோது பிரிந்து வந்த பொருள் இது. செடியின் பெயரே அதற்கும் ஒட்டிக்கொண்டது.

பழச்சர்க்கரைத் துகள்கள் சங்கிலி போலக் கோத்துக்கொண்டு நிற்பதுதான் இனுலின். பறித்த சிக்கரி வேரில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 15 முதல் 20 கிராம் வரை இது இருக்கும். எடுக்கும் முறையும் எளிமையானதுதான். வேரைக் கழுவி, சீவல் சீவலாக வெட்டி, வெந்நீரில் ஊறவிடுகிறார்கள். இனுலின் தண்ணீரில் இறங்கிவிடும். அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்து, சுண்டவைத்து, உலர்த்தினால் லேசான இனிப்போடு வெள்ளைப் பொடி. சக்கை மாட்டுத் தீவனமாகிறது. அறுவடை தள்ளிப்போய்க் கடும் குளிர் தாக்கினால், வேர் தன் சேமிப்பைத் தானே உடைத்துக்கொள்ளத் தொடங்கிவிடும். அதனால்தான் அக்டோபர், நவம்பரில் இந்தப் பரபரப்பு.

பிஸ்கட், தயிர், ஐஸ்கிரீம், குழந்தைகளுக்கான பால்மாவு என்று உலகெங்கும் எத்தனையோ பொட்டலங்களில் இந்தப் பொடி ஏறி உட்கார்ந்திருக்கிறது. அடுத்த முறை கடையில் ஒரு பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால், 'சிக்கரி வேர் நார்ச்சத்து' என்ற வரி கண்ணில் படலாம்.

வயிற்றுக்குள் ஒரு வயல்

இந்தப் பொடிக்கு ஏன் இத்தனை மவுசு? அதற்கான பதிலும் பெல்ஜியத்தோடு தொடர்புடையதுதான். லூவேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்செல் ராபர்ஃப்ராய்டும், பிரிட்டனின் கிளென் கிப்ஸனும் சேர்ந்து 1995-ல் 'ப்ரீபயாட்டிக்' என்ற சொல்லை உலகுக்குத் தந்தார்கள். நல்ல பாக்டீரியாவையே விழுங்குவது 'ப்ரோபயாட்டிக்'. ஏற்கெனவே வயிற்றில் இருக்கும் நல்ல பாக்டீரியாவுக்குத் தீனி போடுவது 'ப்ரீபயாட்டிக்'. நாற்று வாங்கி நடுவதற்கும், நிற்கிற பயிருக்கு உரமிடுவதற்கும் உள்ள வித்தியாசம்.

இனுலின் சங்கிலியை உடைக்கும் நொதி மனித உடலில் இல்லை. எனவே இரைப்பை, சிறுகுடல் இரண்டையும் தாண்டி அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே காத்திருக்கும் பிஃபிடோ வகை பாக்டீரியாக்களுக்கு அது விருந்து. அவை அதை நொதிக்க வைக்கும்போது சில லேசான அமிலங்கள் உண்டாகின்றன. குடல் சுவரின் செல்களுக்கு இந்த அமிலங்களில் ஒன்று நேரடி எரிபொருள்.

இங்கேதான் எலும்பின் கதை தொடங்குகிறது. பாலிலும் ராகியிலும் கீரையிலும் சாப்பிடும் கால்சியம் முழுவதும் உடலில் சேர்வதில்லை. பெரியவர்களுக்கு ஏறக்குறைய கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குதான் சேர்கிறது. பெரும்பகுதி சிறுகுடலில் தப்பி, பெருங்குடல் வழியாக வெளியேறிவிடும். பாக்டீரியாக்கள் உண்டாக்கும் அமிலம், அப்படித் தப்பி வந்த கால்சியத்தைக் கரையும் நிலைக்குக் கொண்டுவருகிறது. கரைந்தால்தானே உறிஞ்ச முடியும்? வழக்கமாக வெளியே போகிற வண்டியை, கடைசி நிறுத்தத்தில் மறித்து ஒரு பங்கை இறக்கிக்கொள்வது போலத்தான் இது.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் 9 முதல் 13 வயதுக்குட்பட்ட சுமார் 100 பிள்ளைகளிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவினருக்குத் தினமும் 8 கிராம் இனுலின் வகை நார்ச்சத்து, ஒரு வருடம் முழுக்க. 2005-ல் வெளியான முடிவில், அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கால்சியம் உறிஞ்சியிருந்தார்கள். எலும்பில் சேர்ந்த தாதுவும் அதிகம். வளரும் வயதில் எலும்பில் போடும் சேமிப்புதான் 50, 60 வயதில் கை கொடுக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு தேயும் பெண்களுக்கு இந்தச் சேமிப்பின் அருமை தெரியும்.

ஆனால், எல்லோருக்கும் ஒரே பலன் கிடைக்கவில்லை என்பதையும் ஆய்வாளர்கள் கவனித்தார்கள். சிலரின் உடல் இதற்கு அசைந்தே கொடுக்கவில்லை. இரும்புச்சத்து விஷயத்தில் மனிதர்களிடம் தெளிவான பலன் நிரூபிக்கப்படவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தட்டில் கால்சியம் இருந்தால்தான் நார்ச்சத்து அதை உறிஞ்ச உதவும். இல்லாத ஒன்றை எந்தப் பொடியாலும் உண்டாக்க முடியாது. ரத்தசோகைக்கும் எலும்புத் தேய்மானத்துக்கும் மருத்துவர் தரும் மாத்திரையை நிறுத்திவிட்டு இதை நம்பினால், நஷ்டம் நமக்குத்தான்.

அப்படியானால் டிகிரி காபி?

இந்த இடத்தில் ஒரு சின்ன ஏமாற்றம். சிக்கரி வேரை வறுக்கும் சூட்டில் இனுலினில் பெரும்பகுதி உடைந்து, கருகிய சர்க்கரையாக மாறிவிடுகிறது. அந்தப் பழுப்பு நிறமும் மணமும் அதனால் வருபவைதான். மிச்சமிருப்பதில் ஒரு துளி டிகாக்‌ஷனில் இறங்கலாம். அதை நம்பி 'நார்ச்சத்துக்காகக் காபி குடிக்கிறேன்' என்று சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, சாப்பாட்டோடு சேர்த்துக் காபி குடித்தால் உணவின் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். சாப்பாட்டுக்கும் காபிக்கும் நடுவே இடைவெளி விடுவதே நல்லது.

நம் காபித்தூளில் கலப்பது பெரும்பாலும் பெல்ஜியத்துச் சிக்கரியும் அல்ல. குஜராத்திலும் உத்தரப்பிரதேசத்திலும் அது விளைகிறது. கலவைக் காபியில் குறைந்தது 51 சதவிகிதம் காபி இருக்க வேண்டும், சிக்கரி எவ்வளவு என்று பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்பது இந்தியாவில் சட்டம்.

நல்ல செய்தி என்னவென்றால், இனுலினுக்காக யாரும் பெல்ஜியம் வரத் தேவையில்லை. அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கும் பூண்டில் அது தாராளமாக இருக்கிறது. வெங்காயத்தில் ஓரளவு, கோதுமையிலும் வாழைப்பழத்திலும் கொஞ்சம். கரையும் நார்ச்சத்தில் இனுலின் ஒரு வகை மட்டுமே. வெந்தயத்தை ஊறவைத்தால் வருகிறதே வழவழப்பு, அது இன்னொரு வகை. பார்லிக் கஞ்சியின் கொழகொழப்பும் கொத்தவரை விதையின் பசையும் இதே குடும்பம்தான்.

மேசையில் சிக்கரி

பசியோடு ஓர் உணவகத்தில் நுழைந்தால், சிக்கரி இன்னொரு வேஷத்தில் எதிரே வரும். சிக்கரி வேரை இருட்டறையில் வைத்தால், வெயிலே படாத வெள்ளைக் குருத்து முளைக்கும். 19-ம் நூற்றாண்டில் பிரஸ்ஸல்ஸ் பக்கத்தில் தற்செயலாகக் கண்டுபிடித்ததாகச் சொல்கிறார்கள். டச்சில் 'விட்லோஃப்', அதாவது வெள்ளை இலை. வட பிரான்ஸில் 'ஷிகோன்'. பன்றி இறைச்சியில் சுற்றி, பாலாடைக்கட்டிச் சாறு ஊற்றி அடுப்பில் சுட்டுத் தருவது குளிர்கால விசேஷம். சைவர்கள் இறைச்சி இல்லாமல் கேட்டு வாங்கலாம். லேசான கசப்பு, பாகற்காய்க்குப் பழகிய நாக்குக்குப் பிடித்துப்போகும். லீல் நகரத்து உணவகங்களில் சிக்கரி மணக்கும் கஸ்டர்ட் இனிப்பும் கிடைக்கும். அதில் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தால், கும்பகோணம் கண்முன் வந்து போகும்!

போகிறவர்களுக்கு...

* அறுவடை பார்க்க அக்டோபர், நவம்பர் ஏற்றவை. நீலப்பூ பார்க்க ஜூலை, ஆகஸ்ட்.
* பிரஸ்ஸல்ஸிலிருந்து வாரெமுக்கும், லீலிலிருந்து ஓர்ஷிக்கும் ரயில் உண்டு. எஸ்பே கிராமங்களைச் சைக்கிளில் சுற்றலாம். அறுவடைக் காலத்தில் சேற்றுச் சாலை வழுக்கும், கவனம்.
* ஓர்ஷி அருங்காட்சியகம் எல்லா நாளும் திறந்திருக்காது. முன்கூட்டியே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

பொடி வாங்குகிறவர்களுக்கு...

* எடுத்த எடுப்பில் 10 கிராம் போட்டால் வயிறு உப்பி, வாயு படுத்தும். தினம் இரண்டு, மூன்று கிராமில் தொடங்கி மெதுவாகக் கூட்டுவதே வழி. தண்ணீரும் நிறைய குடிக்க வேண்டும்.
* வெங்காயம், பூண்டு, கோதுமை சாப்பிட்டாலே வயிறு கடமுடா என்கிற எரிச்சல் குடல் நோயாளிகளுக்கு இந்தப் பொடி ஒத்துவராமல் போகலாம்.
* குழந்தைகள், கர்ப்பிணிகள், தொடர்ந்து மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

மாலையில் எஸ்பே சமவெளியில் வெளிச்சம் மங்கத் தொடங்குகிறது. வயல் ஓரத்தில் குவித்த வேர்க் குவியல் மீது பனி இறங்குகிறது. அடுத்த வருடம் பூப்பதற்காக அந்தச் செடி மண்ணுக்குள் சேர்த்து வைத்த சேமிப்பு, யாரோ ஒரு வீட்டில் வளரும் பிள்ளையின் எலும்புக்குச் சேமிப்பாகப் போகிறது. வாரெம் ரயில் நிலையத்தின் காபிக் கடையில் விளக்கு எரிகிறது. கையில் சூடான கோப்பை ஏந்தி ஜன்னல் வழியே பார்த்தால், சேறு அப்பிய சக்கரங்களோடு இன்னொரு டிராக்டர், ஆலையை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கிறது.